அவர் ஏன் இப்படி மாறிவிட்டார்? மூளைக் கட்டி, ஒபரேஷன், மனம்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவருக்கு 46 வயது, கணித ஆசிரியர். வகுப்பில் வலிப்பு வந்து விழுந்த பிறகு ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். இடது பக்க முன்மூளையில் கட்டி என்று தெரிந்து, கொழும்பில் ஒபரேஷனுக்கு மூன்று கிழமையில் திகதியும் கிடைத்திருக்கிறது. ஆனால் அதற்கு ஆறேழு மாதத்துக்கு முதலே ஆள் மாறிப்போனாராம். சொன்னால்தான் குளிப்பார். பிள்ளைகளில் எரிந்து விழுவார். ஒரு செத்தவீட்டில் எல்லாருக்கும் முன்னால் சிரித்துவிட்டார். மாமியார் செய்வினை என்று சொல்லி நூல் கட்டி வந்திருக்கிறார். தங்கச்சி கேட்பது மூன்று: இது கட்டியா, மனநோயா? ஒபரேஷனுக்குப் பிறகு பழைய மனிசன் திரும்பி வருவாரா? அதுவரை வீட்டில் நாங்கள் என்ன செய்வது?

தங்கச்சி, நான் மட்டக்களப்பில் 16 வருடமாக உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். ஒபரேஷனுக்கு முதலும் பிறகும் நோயாளியோடும் வீட்டாரோடும் இருந்து கதைப்பது என் வேலையில் ஒரு பகுதி. செத்தவீட்டுச் சிரிப்பிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எழுதியதில் உங்களை அதிகம் நோகச் செய்தது அதுதான் என்று தெரிகிறது.

அந்தச் சிரிப்பு அவருடைய மனசிலிருந்து வந்ததில்லை. நம் எல்லாருக்கும் இடம் பொருள் தெரியாத எண்ணங்கள் வரும். அவை வாயாலும் முகத்தாலும் வெளியே வந்துவிடாமல் மறித்து வைப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. குளத்துத் தண்ணியை மறிக்கும் துரிசு எப்படியோ அப்படி. கட்டி அந்த இடத்தை அமுக்கும்போது, அல்லது கட்டியைச் சுற்றி வீக்கம் வரும்போது, துரிசு சரியாக மூடாது. சிரிப்பு, கோபம், கேட்கக் கூடாத கேள்வி, தேவையில்லாத செலவு எல்லாம் திறந்துபோய்விடும். அதே முன்மூளைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: ஒரு காரியத்தைத் தொடக்கி வைப்பது. அது பழுதாகும்போதுதான் குளிப்பதற்கும் ஆள் சொல்ல வேண்டி வருகிறது.

இரண்டாவதை ஆட்கள் சோம்பல் என்றே நினைப்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கல்லடிப் பக்கத்தில் ஒரு அக்காவை எனக்குத் தெரியும். முன்மூளையில்தான் கட்டி. ஒபரேஷன் முடிந்து இரண்டு மாதம். நான் வீட்டுக்குப் போனபோது, "இருங்க, தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்" என்று எழும்பிக் குசினிக்குப் போனார். பத்து நிமிடமாகியும் சத்தமில்லை. எட்டிப் பார்த்தேன். கேத்தல் அடுப்பில், தேயிலைப் போத்தல் கையில், அப்படியே நிற்கிறார். தேத்தண்ணி எப்படிப் போடுவது என்று கேட்டால் ஒழுங்காகச் சொன்னார்: தண்ணி கொதிக்க வேணும், தேயிலை போட வேணும், சீனி எவ்வளவு. எல்லாம் தெரியும். முதல் அடி மட்டும் எடுபடவில்லை. "அக்கா, அடுப்பைப் பத்த வையுங்கோ" என்றேன். பத்த வைத்தார், மிச்சம் தானாக நடந்தது. அவருடைய கணவர் அந்த இரண்டு மாதமும், இவள் வேண்டுமென்று வேலை செய்யாமல் இருக்கிறாள் என்று மனம் புழுங்கிக்கொண்டிருந்தவர். அன்று குசினி வாசலில் நின்று அதைப் பார்த்த பிறகு அவர் ஒரு நாளும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் கட்டிதான். "மூளை நோயா, மனநோயா" என்று இரண்டாகப் பிரிக்கும் பழக்கம் இந்த நோயில் சரிவராது. மெதுவாக வளரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி முன்மூளையை அமுக்கி, வருடக்கணக்கில் மனச்சோர்வு என்றோ மறதி நோய் என்றோ எண்ணப்பட்டு, கடைசியில் ஸ்கேனில் பிடிபட்ட ஆட்கள் இருக்கிறார்கள். பொட்டுப் பக்கம், அதாவது காதுக்கு மேலே உள்ள மூளையில் கட்டி என்றால் வேறு விதம்: இல்லாத மணம் மணக்கும், புதிய இடத்தை முன்பே பார்த்ததுபோல் தோன்றும், காரணமில்லாத பயம் திடீரென்று வந்து ஒரு நிமிடத்தில் போய்விடும். அது பேயும் இல்லை, ஜின்னும் இல்லை, சின்ன வலிப்பு. கபச்சுரப்பி என்ற பிட்யூட்டரியில் கட்டி வந்தால் ஹோர்மோன் குறைந்து ஆள் களைத்து, எதிலும் பிடிப்பில்லாமல் போய்விடுவார்.

ஆனால் எல்லாவற்றையும் கட்டியின் தலையில் போட்டுவிடவும் வேண்டாம். குணம் மாறுவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு, மருந்தும் மனசும். இப்போது பார்ப்பது எதனால் வந்தது என்று தெரிந்தால்தான் அதற்கு வழி பார்க்க முடியும்.

மருந்தில் முதலாவது டெக்ஸாமெதசோன். கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தை வற்ற வைக்கும் ஸ்டீரொயிட். தலையிடியும் மந்தமும் ஓரிரு நாளில் குறைவதைப் பார்த்து வீட்டார் அதிசயப்படுவார்கள், நல்ல மருந்துதான். ஆனால் நித்திரையைப் பறிக்கும், பசியைக் கூட்டும், சினத்தைக் கூட்டும், சிலருக்கு அளவில்லாத உற்சாகம், சிலருக்கு அழுகை, ஓரிருவருக்குச் சந்தேகமும் பிரமையும் வரும். மூச்சு முட்டுக்குக் குடிக்கும் பிரெட்னிசொலோன் உங்களுக்குத் தெரிந்திருக்கும். டெக்ஸாமெதசோன் ஒரு நாளைக்கு 16 மில்லிகிராம் என்றால், அது 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் குளிசை ஏறக்குறைய 20ஐ ஒரே நாளில் குடிப்பதற்குச் சமம். 1972இல் அமெரிக்காவின் போஸ்டனில் அதே இனத்து மருந்தான பிரெட்னிசோன் எடுத்த 718 நோயாளிகளைப் பார்த்தார்கள். நாளுக்கு 40 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் 1.3 வீதமானோருக்குத்தான் மனக்குழப்பம் வந்தது. 80க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 வீதம். அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. அதனால் அவர் ராத்திரி இரண்டு மணிக்கு எழும்பி அலுமாரியை அடுக்கினால் சண்டை பிடிக்காதீர்கள். எந்த நாளிலிருந்து அப்படி என்று எழுதி வைத்து டொக்டரிடம் சொல்லுங்கள். குளிசை நேரத்தைக் காலைக்கும் மத்தியானத்துக்கும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த மட்டும் வேண்டாம். அதிக நாள் எடுத்தால் உடம்பு தன் சொந்த ஸ்டீரொயிட்டைச் சுரப்பதை நிறுத்திவிடும், திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. ஒபரேஷனுக்குப் பிறகு இந்த மருந்தை மெதுவாகக் குறைத்து வருவார்கள். அந்த நாட்களில் ஆள் சோர்ந்து, கண் கலங்கிக்கொண்டு இருப்பதும் உண்டு.

இரண்டாவது, வலிப்புக்குக் கொடுக்கும் லெவெட்டிரசெட்டம். பத்தில் ஒருவர் அளவுக்கு இது எரிச்சலையும் கோபத்தையும் உண்டாக்கும். வலிப்பு வந்து இந்த மருந்து தொடங்கிய பிறகு பிள்ளைகளில் எரிந்து விழுவது கூடியிருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். கூடியிருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. இதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

இனி மனசு. இதைக் கடைசியில் வைத்ததால் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். கை, கால், நெஞ்சு எதில் ஒபரேஷன் என்றாலும் பயம்தான். ஆனால் மண்டையைத் திறக்கப் போகிறார்கள் என்பது வேறு பயம். சாவேனா என்பதோடு, பிழைத்தாலும் நான் நானாக இருப்பேனா, பிள்ளைகளின் பெயர் மறந்துபோகுமா, பேச்சு போய்விடுமா என்ற கேள்விகள். கணித ஆசிரியருக்குக் கணக்கு வராமல் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். அவர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் இருக்கும்.

நம் பகுதியில் வீட்டார் செய்யும் முதல் காரியம், "அவருக்குச் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டார்" என்று மறைப்பது. அன்பில் செய்வதுதான், குற்றம் சொல்ல மனம் வராது. என்றாலும் நான் அதற்கு எதிர். ஒபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து அவர்தான் வைக்க வேண்டும், எதையென்று தெரியாமல் வைப்பது நியாயமில்லை. இன்னொன்று, அவருக்கு எப்படியும் தெரிந்துவிடும். சொந்தக்காரர் வந்து தலையைத் தடவிவிட்டுப் போகும் விதத்திலேயே தெரிந்துவிடும். பிறகு அவர் உங்களுக்காக நடிப்பார், நீங்கள் அவருக்காக நடிப்பீர்கள், ஒரே பாயில் படுத்திருந்தும் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருப்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டச் சொல்லவில்லை. அவர் கேட்டதற்குப் பொய் சொல்லாதீர்கள். "என்ன பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருங்கள். "ஒண்டும் நடக்காது" என்று அவசரமாக அடைத்துவிடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பற்றி ஒரு விஷயம், நம் ஊருக்கே உரியது. ஒடுக்கமான குழாய்க்குள் அரை மணிநேரத்துக்கும் மேல் அசையாமல் படுக்க வேண்டும், இயந்திரம் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். சண்டைக் காலத்தில் பங்கருக்குள் இருந்த ஒருவர் அந்தச் சத்தத்தில் நடுங்கி, பாதியில் வெளியே வந்துவிட்டார். 2004 டிசம்பர் 26இல் கல்முனைப் பக்கத்தில் கடல் அள்ளிப்போய் மீண்ட ஒரு ராத்தாவுக்கு, தலை உள்ளே போனதுமே மூச்சு முட்டியது. இரண்டு பேரையும் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல முடியாது, பழைய காயம் திரும்ப வாய் திறக்கிறது. உங்கள் கணவருக்கும் அப்படி ஏதும் இருந்தால் ஸ்கேன் எடுப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். காதுக்கு அடைப்புக் கொடுப்பார்கள், கையில் அழுத்தும் மணி கொடுப்பார்கள், தேவையானால் டொக்டர் மருந்தும் கொடுப்பார்.

நூல் கட்டியது பற்றியும் எழுதியிருந்தீர்கள். அதை வெட்டி எறியச் சொல்ல மாட்டேன். மாமியாருக்கு அது மகனுக்காகச் செய்ய முடிந்த ஒன்று. காத்தான்குடியில் தண்ணி ஓதிக் கொடுக்கும் உம்மாவுக்கும் அப்படித்தான். குளிசையை நிறுத்தச் சொன்னால், திகதியைத் தள்ளச் சொன்னால், அங்கே மட்டும் உறுதியாக நில்லுங்கள். அச்சரக்கூடு உலோகம் என்றால் எம்.ஆர்.ஐ.க்கும் ஒபரேஷனுக்கும் கழற்ற வேண்டியிருக்கும். தெரியாத ஒருவர் கடைசி நிமிடத்தில் கழற்றும்போது, காவலை எடுத்துவிட்டார்கள் என்று ஆள் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே அவர் கையாலேயே கழற்றி, உங்கள் கையில் தந்து, "இது என்னட்ட இருக்கு" என்று சொல்லி அனுப்புங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் வேண்டாம். ஒரு பக்கமாகச் சரித்து, நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

பேச்சு நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டி என்றால், சில நேரம் நோயாளியை ஒபரேஷன் நடுவில் எழுப்பி, படம் காட்டிப் பெயர் கேட்பார்கள். மூளைக்கு நோவு தெரியாது, தலைத் தோலை விறைக்க வைத்துச் செய்வார்கள். பேச்சு எங்கே தடுமாறுகிறதோ அந்த இடத்தைச் சத்திரசிகிச்சை நிபுணர் தொடாமல் விடுவார். உங்கள் கணவருக்கு அப்படிச் செய்யும் யோசனை உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் தமிழில் கேட்பதற்கு ஒருவர் இருப்பாரா என்பதையும் கேளுங்கள்.

ஒபரேஷன் முடிந்த உடனே கண் திறந்து உங்கள் பெயரைச் சொல்வார், நீங்கள் எல்லாருக்கும் போன் எடுத்துச் சொல்வீர்கள். இரண்டாம் மூன்றாம் நாள் ஆள் மந்தமாகி, பேச்சுக் குழறி, உங்களைத் திகைக்க வைக்கலாம். வெட்டிய இடத்தைச் சுற்றி வீக்கம் உச்சத்துக்கு வருவது அந்த நாட்களில்தான். முன்மூளையின் உட்பகுதியில் கை வைத்திருந்தால் கொஞ்சக் காலம் பேச்சே இல்லாமல் போய், கிழமைகளில் அல்லது மாதங்களில் திரும்பி வருவதும் உண்டு. இது நடக்கக்கூடும் என்று முதலே தெரிந்தால் பயம் பாதியாகும். என்றாலும் திடீரென்று தூங்கி விழுவது, புதிதாகக் கை கால் இழுப்பது, விடாமல் வாந்தி எடுப்பது என்றால் வீக்கம்தானே என்று இருந்துவிடாமல் உடனே மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள்.

அந்த நாட்களில் இராக் குழப்பமும் வரலாம். படுவான்கரையில் வேளாண்மை செய்யும் ஒரு பெரியவர், கொழும்பில் ஒபரேஷன் முடிந்த இரண்டாம் இரவு, "யானை வந்திட்டு, வெடி எங்க, வெடி எங்க" என்று கத்தி, கையில் ஏறிக்கொண்டிருந்த சேலைனைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார். வார்ட்டில் அன்று நின்ற தாதிக்குத் தமிழ் தெரியாது. இவர் ஏன் கத்துகிறார் என்று அவருக்கு விளங்கவில்லை, கையைக் கட்டத்தான் யோசித்திருக்கிறார். மகன் முதலில், "அப்பா, இது ஆஸ்பத்திரி, இங்க என்ன யானை" என்று வாதாடிப் பார்த்தார், கத்தல் கூடியது. பிறகு கட்டில் ஓரத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கிறன் அப்பா. காவலுக்கு நான் இருக்கிறன். நீங்க படுங்க" என்றார். யானை இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கிழவர் கொஞ்ச நேரம் இருட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். இதை மகன் என்னிடம் சொன்னபோது, எனக்குப் படிப்பித்த எந்தப் பாடத்தையும்விட அது நன்றாக இருந்தது. கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியைக் கொடுத்தனுப்புங்கள். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். குழப்பத்துக்குப் பின்னால் காய்ச்சலோ, உப்புக் குறைவோ, சலம் போகாமல் கட்டியிருப்பதோ இருக்கலாம், அதனால் டொக்டருக்கும் தெரியட்டும்.

உண்மையில் கடினமான காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான். தையல் பிரித்தாகிவிட்டது, முடி முளைக்கிறது, ஊருக்கு அவர் சுகமாகிவிட்டார். உள்ளே மூளை களைத்துப்போயிருக்கிறது. அந்தக் களைப்பு வயல் வேலை செய்த களைப்புப் போல இல்லை, நித்திரை கொண்டாலும் தீராது. இந்த நேரம் பார்த்து முழு ஊரும் ஹோர்லிக்ஸ் போத்தலோடும் தோடம்பழத்தோடும் வந்து முன் விறாந்தையில் இருக்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் கதைப்பார்கள், டீவியும் ஓடும். ஒன்றைப் பிடித்து மற்றதை விடுவது மூளைக்கு முடியாமல்போய், எழும்பிக் கத்திவிடுவார். பிறகு "ஒபரேஷனுக்குப் பிறகு ஆளுக்குப் பிழை" என்று கதை கட்டுவார்கள். முதல் ஒரு மாதம் வருகிறவர்களை வாசலிலேயே நீங்கள் உபசரித்து அனுப்புங்கள். முகம் முறிந்தாலும் பரவாயில்லை. ஒரு நேரத்தில் ஒருவர், பத்து நிமிடம், டீவி நிறுத்தி.

எடுத்த கட்டியின் துண்டைப் பரிசோதிக்கும் பயொப்சியின் முடிவு வரும்வரை காத்திருப்பதும், பிறகு ஒவ்வொரு ஸ்கேனுக்கு முந்திய கிழமையும் பொல்லாதவை. அந்த நாட்களில் வீட்டில் சண்டை வந்தால் ஸ்கேன் திகதியை ஒருமுறை பாருங்கள்.

மனச்சோர்வையும் முன்பு சொன்ன தொடக்கமின்மையையும் பிரித்துப் பார்க்க வேண்டும், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் பேசாமல் இருப்பதுதான். தொடக்கமில்லாதவர் தனக்கு ஒன்றும் இல்லை என்பார், முகத்தில் துயரம் இருக்காது, எழுப்பி விட்டால் செய்வார். மனச்சோர்வில் இருப்பவர் உள்ளே நொந்துகொண்டிருப்பார்: நான் பாரம், நான் இருந்தென்ன, பிள்ளைகளுக்குக் கடன்தான். மனச்சோர்வுக்கு மருந்தும் கதைப்பதும் உதவும். செர்ட்ரலின் போன்றவை வேலை செய்ய இரண்டு முதல் நாலு கிழமை செல்லும். வலிப்பு உள்ளவருக்கு எல்லா மருந்தும் ஒத்துவராது, அதனால் மனநல வைத்தியரிடம் கட்டியைப் பற்றி முழுக்கச் சொல்லுங்கள். தொடக்கமின்மைக்குக் குளிசையால் பெரிய பலன் இல்லை. நேர அட்டவணையும், "அடுப்பைப் பத்த வையுங்கோ" போன்ற ஒரு சின்னச் சொல்லும்தான் உதவும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். இரவில் யாருமில்லை என்றால் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

பழைய மனிசன் திரும்பி வருவாரா? வீக்கத்தாலும் அமுக்கத்தாலும் வந்த மாற்றம் என்றால் நிறையவே திரும்பலாம். மெனிஞ்சியோமா போல வெளியிலிருந்து அமுக்கும் கட்டியை எடுத்த பிறகு, "நான் ரெண்டு வருசம் எங்க போயிருந்தன்" என்று கேட்ட ஆட்கள் உண்டு. மூளைக்குள்ளேயே வேரோடிய கிளையோமா என்றால் முழுக்கத் திரும்புவார் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். எந்த வகை, எந்தத் தரம் என்பது பயொப்சியில்தான் தெரியும். 1848இல் அமெரிக்காவில் பினியஸ் கேஜ் என்ற தொழிலாளியின் முன்மூளையை ஓர் இரும்புக் கம்பி துளைத்துக்கொண்டு போனது. பிழைத்தார், குணம் மாறிவிட்டது, இவர் பழைய கேஜ் இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். பாடப் புத்தகங்கள் அங்கே நிறுத்திவிடும். அதே மனிசன் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் குதிரை வண்டி ஓட்டிச் சம்பாதித்தார் என்பதை நான் வீட்டாருக்குக் கட்டாயம் சொல்வேன். ஒழுங்கான நேரம், தெரிந்த பாதை, தினமும் ஒரே வேலை. அது அவரைத் தாங்கியிருக்கிறது. உங்கள் கணவரும் பள்ளிக்கூடம் திரும்பினால் 40 பிள்ளைகளின் வகுப்பில் தொடங்க வேண்டாம். காலையில் இரண்டு பாடவேளை, சின்னக் குழு, மத்தியானத்தோடு வீடு என்று அதிபரிடம் கதைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வசனம் போதும்: "அப்பாட தலைக்குள்ள ஒரு கட்டி, அதுதான் கத்த வைக்குது, நீங்க பிழை செய்யல்ல." மோட்டார் சைக்கிள் திறப்பும் பாங்க் கார்டும் இப்போதைக்கு உங்களிடம் இருக்கட்டும். கடனுக்கோ உறுதிக்கோ அவர் தனியாகக் கையெழுத்து வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் இதில் ஒரு நோயாளி மாதிரித்தான், தங்கச்சி. ஆள் கண்ணுக்கு முன்னால் இருக்க, அவரை இழந்ததுபோல அழுகை வந்தால் அது பாவமில்லை. கிழமைக்கு ஒரு பின்னேரம் தம்பியையோ மச்சாளையோ அவரோடு இருக்க விட்டு வெளியே போய் வாருங்கள்.

கொழும்புக்குப் போக முதல் ஒரு வேலை. சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வாங்குங்கள்: வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவது, எந்தக் காது கொஞ்சம் மந்தம், கண்ணாடி இல்லாமல் தெரியாது, பயந்தால் கையைப் பிடித்தால் அடங்குவார், மனைவியின் போன் இலக்கம். கீழே இரண்டு பக்கத்துக்கும் விளங்கும்படி நாலு சொல்: தண்ணி என்றால் வத்துர, தலை நோகுது என்றால் ஒளுவ ரிதெனவா, சலம் போக வேணும், குளிருது. அந்தத் தாளை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று கட்டில் தலைமாட்டில் ஒட்டுவதற்கு, மற்றது கிளினிக் கொப்பிக்குள்.